போனில் மனைவி, நேரில் வேற்றாள்

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்த என் பெரியப்பா, வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரியம்மாவைப் பார்த்து, "நீ அவ மாதிரியே இருக்கே. ஆனா அவ இல்லை" என்கிறார். அவர் சமைத்ததைத் தொடுவதில்லை. மற்றபடி பேச்சு, கணக்கு வழக்கு எல்லாம் தெளிவு. பெரியம்மா மகள் வீட்டிலிருந்து போன் செய்தால், "எப்ப வர்றே? இங்கே ஒருத்தி உன் புடவையைக் கட்டிக்கிட்டுத் திரியறா" என்று அவரிடமே சொல்கிறார்! போனில் தெரிகிற மனைவி நேரில் தெரியாதா? நடிப்பு என்கிறார்கள் பாதிப் பேர். ஏவல், கட்டிவைத்து ஒரு மண்டலம் மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள் மீதிப் பேர். மூளையில் அடிபட்டால் மனசு எப்படி மாறும்?
(பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்: நடிப்பும் இல்லை, ஏவலும் இல்லை. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய நான் டாக்டர் இல்லைதான். ஆனால் நடிப்புக்குச் சாட்சி என்று உங்கள் வீட்டார் காட்டும் அந்தப் போன் பேச்சுதான், அவர் நடிக்கவில்லை என்று எனக்குச் சொல்கிறது.

இதற்குப் பெயரே இருக்கிறது: காப்கிரா நோய்க்குறி. ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1923-இல், கணவரையும் பிள்ளைகளையும் ஆள் மாற்றிவிட்டார்கள் என்று நம்பிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். நெருங்கியவர் மீது அடிமனதில் அடக்கிவைத்த காம ஆசைதான் காரணம் என்று நெடுநாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தான் வளர்த்த நாயையே 'இது என் நாய் இல்லை' என்றவரும் உண்டு. அவருக்கு அந்த விளக்கம் எப்படிப் பொருந்தும்?

நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா சென்ற டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1997-இல் வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். சாலை விபத்து, மூன்று வாரம் கோமா, பிறகு நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் பெற்றோரைப் பார்த்தால் வேஷக்காரர்கள் என்பார். அதே அப்பா போனில் பேசினால் சந்தேகமே வராது. உங்கள் பெரியப்பாவேதான்!

அவர்கள் சொன்ன விளக்கத்தை வீட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். அம்மா வந்து நிற்கிறார். அந்த நெற்றி, அந்த மூக்கு இன்னாருடையது என்று அறிவது ஒரு வேலை. 'அம்மா வந்துட்டா' என்று உள்ளுக்குள் இளகுவது இன்னொரு வேலை. முதல் வேலை நடக்கும் இடத்திலிருந்து, உணர்ச்சிக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதிக்குச் செய்தி போக வேண்டும். அந்த வழி அறுந்தால் முகம் தெரியும், இளக்கம் வராது. காதுக்கு வழி தனி. அது கெடாததால் குரல் கேட்டதும் பழைய நெருக்கம் வந்துவிடுகிறது.

இளகுகிறதா என்பதை அளக்கவும் முடியும். நெருங்கியவர் முகத்தைப் பார்த்தால் நம் உள்ளங்கையில் நமக்கே தெரியாமல் லேசாக ஈரம் கசியும். கருவியில் அது பதிவாகும். அந்த நோயாளிக்குப் பெற்றோர் படத்தைக் காட்டியபோது அப்படி எதுவும் ஏறவில்லை. இதற்கு நேர் எதிரான கோளாறும் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் யாரென்றே சொல்லத் தெரியாது, ஆனால் சரியான பெயரை யாராவது வாசித்ததும் கை மட்டும் கசியும். 1984-இல் ரசல் பாவர் என்பவர் இதைப் பதிவு செய்தார். அறிவது வேறு, நெருக்கம் வேறு. இரண்டையும் சேர்த்து 'என்னவள்' என்று நமக்குத் தருவது மூளை. மனசு எப்படி மாறும் என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

இளக்கம் இல்லாமல் போனது மட்டும் போதாது. உள்ளங்கை கசியாத வேறு நோயாளிகள் யாரையும் வேற்றாள் என்று சொன்னதில்லை. 'இது நம்பத் தகுந்ததா?' என்று சரிபார்க்கும் வேலையும் கெட வேண்டும். அது வலது பக்க முன்மூளையைச் சார்ந்தது என்கிறார்கள். அதனால்தான் சத்தியம் செய்தாலும் கல்யாண போட்டோவைக் காட்டினாலும் பெரியப்பா அசைய மாட்டார். வாதாடாதீர்கள், கோபம்தான் மிஞ்சும்.

கட்டிவைப்பதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறதா? தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அவர்களையும் குணமாக வேண்டும் என்றுதான் வீட்டார் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மனநல மருத்துவரும் வேண்டும். போன் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு அது பெரிய தடயம். இந்த நோயில் சிலர் 'வேஷக்காரர்' மீது கை ஓங்குவதுண்டு. பெரியம்மாவைத் தனியே விடாதீர்கள். சாப்பாட்டைக் கொஞ்ச நாள் நீங்கள் பரிமாறுங்கள். பெரியம்மா அறைக்குள் வருமுன் வெளியே நின்று குரல் கொடுத்துப் பார்க்கட்டும். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் அவருக்குக் காதுவழி இன்னும் திறந்திருக்கிறது. முக்கியமாக, அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்: 'எப்ப வர்றே' என்று போனில் அவர் கேட்டது உங்களைத்தான்.