இரண்டு ரவுண்டு – கடிதம்

வணக்கம் சார்,

ஓமலூர் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 800 மீட்டர் ஓடிய பெண் ஒருத்தி, காலேஜ் போன பிறகும் காலையில் எங்கள் கிரவுண்டுக்கு வருவாள். 2 நிமிடம் 28 விநாடியில் ஓடியவள் 2.33, பிறகு 2.41 என்று மூன்று மாதத்தில் இறங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் செல்போனா என்று திட்டி, இரண்டு ரவுண்டு சேர்த்து ஓடவிட்டேன். ஓடினாள். முடித்துவிட்டுப் புளியமரத்தடியில் குனிந்து இருமினாள். கர்ச்சீப்பில் ரத்தம்.

டி.பி. என்றார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண், ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லுங்கள் என்றார்கள் வீட்டில். நானும் அப்படியே சொன்னேன். ஆறு மாதம் தினமும் காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, என் கண் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு போவாள். குணமானபின் வனக்காப்பாளர் தேர்வு எழுதினாள். நடைத் தேர்வுக்காக ஏற்காடு மலைப்பாதையில் அவள் நடக்க, டி.வி.எஸ். 50இல் நான் பின்னாலேயே போவேன். போராடி நோயை ஜெயித்துவிட்டாள். போன வாரம் யூனிஃபார்மோடு வந்து காலில் விழுந்தாள். பெருமையில் எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அந்த இரண்டு ரவுண்டுதான் வருகிறது. நான் பெருமைப்படலாமா சார்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சார்,

பெயரை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் வேலை பார்க்கும் ஊரையும் எடுத்துவிட்டேன்.

அந்த இரண்டு ரவுண்டு தப்புதான். ஆறுதல் சொல்லி அதை அழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஓடுகிற பிள்ளையிடம் இந்த நோய் நன்றாக ஒளிந்துகொள்ளும். இளைத்தால் உடம்பு கட்டாகிறது என்போம், களைத்தால் பயிற்சி அதிகம் என்போம், இருமினால் கிரவுண்டுப் புழுதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளிப் பரிசோதனை செய் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதை நாம் எல்லோரும் படித்துக்கொண்டேதான் கடந்து போகிறோம். பெற்ற அம்மாவுக்கே தெரியாதபோது உங்கள் நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது: 2.28, 2.33, 2.41. கணக்கு சரி, அதற்கு நீங்கள் கொடுத்த அர்த்தம்தான் தப்பு.

போராடி ஜெயித்தாள் என்ற வரியோடு எனக்குச் சின்னச் சண்டை. அப்படியானால் இதே நோயில் போனவர்களெல்லாம் போராடாதவர்களா? கிருமியைக் கொல்வது மருந்து. அதைக் காட்டியதில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், 1959இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. எல்லோருக்கும் ஒரே மருந்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கையும் நல்ல சாப்பாடும், மீதிப் பேருக்கு நெருக்கடியான வீடும் அரைகுறைச் சாப்பாடும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். மலைக்காற்று, முட்டை, ஓய்வு எல்லாம் நல்லதுதான். ஆனால் மாத்திரை விடாமல் உள்ளே போக வேண்டும்.

அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அந்த ஆறு மாதத் திண்ணையைக் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மாதத்துக்கு 28 நாள் கணக்கில் முதல் இரண்டு மாதம் 56 வேளை, அடுத்த நான்கு மாதம் 112. இந்த இரண்டாவது கட்டம்தான் பொல்லாதது. இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், இன்னும் எதற்கு இந்தக் கருமம் என்று தோன்றும். பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விடுகிறார்கள். மருந்துக்கு மசியாத டி.பி. அப்படித்தான் முளைக்கிறது. என் சித்தப்பா ஒருவர் மூன்றாம் மாதம் மாத்திரைப் பெட்டியைப் பரண்மேல் போட்டவர். அவர் எதிரே திண்ணையில் உட்கார ஒரு வாத்தியார் இல்லை. அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வீட்டில் ரத்தம் என்று அலறினார்கள். அது மருந்தின் நிறம், பயப்படாதே என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

நம் ஜில்லாவில் பெருமை என்றால் உடனே மெடல்தான் ஞாபகம் வருகிறது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவரும் ஒரு பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர்தான். உங்கள் மாணவிக்கு மெடல் இல்லை. 16 கிலோமீட்டரை 4 மணி நேரத்துக்குள் நடந்து காட்டியிருக்கிறார், தழும்பு விழுந்த நுரையீரலோடு. ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில் அவர் பின்னால் டி.வி.எஸ். 50இல் போன நீங்கள் ஒருமுறையாவது கையில் ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தீர்களா? இருக்காது என்றே நினைக்கிறேன். தாராளமாகப் பெருமைப்படுங்கள்.

அந்த இரண்டு ரவுண்டு அவருக்கும் நினைவிருக்கும். மறந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். நினைவிருந்தும்தான் யூனிஃபார்மோடு உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்.

கடிதத்தில் இல்லாத ஒன்று. அந்த மூன்று மாதம் அவரோடு ஓடிய மற்றப் பிள்ளைகளைச் சோதித்தார்களா? ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டதால் யாருக்கும் தோன்றியிருக்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெயர் சொல்லாமலே கூட்டிக்கொண்டு போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்குக் காசில்லை. நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புளியமரத்தடியில் பக்கத்தில் நின்றவர் நீங்கள்.