29 வயதில் புது வேலையா, குழந்தையா?

இருபதுகளை வேலைக்கே கொடுத்து வீணாக்கிவிட்டேன், இப்போது புது கம்பெனி ஆஃபரை எடுப்பதா, குழந்தைக்கு முயல்வதா என்று கேட்டிருந்தீர்கள். வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள் தோழி. தங்கை படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் முடிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வயதாகிறது, குழந்தையைத் தள்ளிப்போடாதே என்று மாமியார் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைவது பெரும்பாலும் 35-ஐ ஒட்டித்தான். நீங்கள் எடுத்த ஏஎம்எச் டெஸ்ட் (ஒரு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை) கருமுட்டை இருப்பைத்தான் காட்டும். இயல்பாகக் கருத்தரிப்பீர்களா என்று சொல்லாது. அந்த எண்ணை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வேலை மாறினால் பிரசவ விடுப்பு போய்விடும் என்பது தவறு. இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சேர்ந்த கையோடு கர்ப்பமானாலும் அந்த 80 நாள் தாராளமாக வந்துவிடும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் இருக்க வேண்டும். அது காகிதத்தில் மட்டும்தானா என்று அங்கே வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் விசாரியுங்கள்.

நான் என்றால் ஆஃபரை எடுப்பேன். சரி, ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்று கணவரிடம் பேசியாயிற்றா? இவ்வளவு நீளப் பதிவில் அவர் ஒரு வரியில்கூட வரவில்லையே!