ழான் கல்மோன் உண்மையிலேயே 122 வயது வாழ்ந்தாரா?

வாழ்ந்தார் என்றே நம்புகிறேன். உலகிலேயே அதிக வயது வாழ்ந்ததாகப் பதிவான இந்தப் பெண், பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1875-இல் பிறந்து 1997-இல் இறந்தவர். 1934-இல் இறந்தது, பதிவேடு சொல்வதுபோல் மகள் இவோன் அல்ல, தாய் கல்மோன்தான், வாரிசு வரிக்குப் பயந்து மகள் அம்மாவின் பெயரில் வாழ்ந்தாள் என்று 2018-இல் ரஷ்ய ஆய்வாளர் ஒருவர் வாதிட்டார். ஆனால் கணவர், மருமகன், சின்னப் பேரன், ஊரே சேர்ந்து அத்தனை வருடம் பொய்யைக் காப்பாற்ற முடியுமா? சந்தேகப்பட வேண்டியது பதிவேடு சரியில்லாத வயதுகளைத்தான்: டோக்கியோவில் 111 வயது எனப் பதிவில் இருந்தவர் சுமார் 30 வருடங்களுக்கு முன்பே இறந்திருந்தார், குடும்பம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் 2010-இல் ஜப்பான் தேடியபோது பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்த நூறு தாண்டியவர்கள் 2,30,000-க்கும் மேல்! சரி, நீண்ட ஆயுளின் ரகசியம்? மரபணு, வசதியான வாழ்க்கை, அதிர்ஷ்டம். கல்மோன் நூறு தாண்டியும் புகைத்தவர், அதனால் உணவுப் பட்டியலில் தேடாதீர்கள்.