தொடை மெலிகிறது, பிரஷர் ஏறுகிறது: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எடை குறையவில்லை, தொடை மட்டும் மெலிந்துவிட்டது. வயதானால் சகஜம்தானே?

பதில்: சகஜம்தான், அதற்காக விட்டுவிட முடியாது. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் எடை மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு மூன்றாவது முறையிலேயே கை தானாகத் தொடையை ஊன்றப் போகும். அதற்கு மேல் கடிகாரம் எதற்கு?

கேள்வி: எனக்கு 68. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், தினமும் நடக்கிறேன். எடை தூக்கும் பயிற்சி செய்யலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 180/110ஐத் தாண்டியிருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் பயிற்சி. நடப்பது பிரஷருக்கு நல்லது, ஆனால் தொடைத் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், லேசான எடையில் தொடங்குங்கள். பல்லைக் கடித்து மூச்சை அடக்கித் தூக்கினால் பிரஷர் சட்டென்று எகிறும். தூக்கும்போது 'ஒன்று, இரண்டு' என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க யாராலும் முடியாது!

கேள்வி: படுக்கையிலிருந்து எழுந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வொரு முறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும். காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப் கெண்டைக்கால் தசைதான். அது மெலிந்தவர்கள் சட்டென்று எழவே கூடாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதங்களை இருபது தடவை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா?

பதில்: சாப்பாட்டில் எட்டாவிட்டால் மட்டும். முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.