'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது': எது, யாரிடம்?

கேள்வி: என் அப்பா 30 வருடமாகப் புகைபிடிக்கிறார். நுரையீரலைக் காக்கும் என்று 'ஆய்வில் நிரூபிக்கப்பட்ட' ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளதாம். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காசு வீணாவதோடு போகிற விஷயமல்ல இது.

பீட்டா கரோட்டின் என்பது காய்கறி, பழங்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஓர் ஆன்டி-ஆக்ஸிடன்ட், அதாவது செல்கள் சேதமாவதைத் தடுக்கும் வகைப் பொருள். ரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கவனித்திருந்தன. பொய்யில்லை. ஆனால் காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். காத்தது பீட்டா கரோட்டினா, அந்த வாழ்க்கைமுறையா? இதை அறிய பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வும் இதே பக்கம் சாய, 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

விளம்பரங்கள் பெரும்பாலும் அப்பட்டமாகப் பொய் சொல்வதில்லை. வேறொரு கேள்விக்கான பதிலைக் காட்டுகின்றன. 'ரத்தத்தில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவு கூடியது' என்பார்கள். விழுங்கினால் கூடத்தான் செய்யும். நோய் குறைந்ததா என்பதல்லவா கேள்வி? ஆய்வு நடந்தது ஆய்வகச் செல்களிலா, மனிதர்களிடமா? இதே மாத்திரையிலா, அதிலுள்ள ஒரு பொருளிலா, எந்த அளவில்? சதவீதத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். 1,000 பேரில் 2 பேருக்கு வந்த நோய் ஒருவருக்கு வந்தாலும் '50 சதவீதம் குறைந்தது' என்று போடலாம்.

எல்லாமே ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். நரம்புக்குழாய் குறைபாடுள்ள (கருவிலேயே மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத) குழந்தையை ஏற்கெனவே பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினை எடுத்தால், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. யாருக்கு, எப்போது, எதற்கு என்று எவ்வளவு குறுகலாகச் சொல்கிறது பாருங்கள். 'அனைவருக்கும் முழு ஆரோக்கியம்' என்று அது பேசவில்லை.

அப்பா காய்கறி சாப்பிடத் தடையில்லை. இந்த ஆபத்து தெரியவந்தது அதிக அளவு மாத்திரையில்தான். ஏற்கெனவே மல்டிவைட்டமின் ஏதாவது எடுக்கிறார் என்றால், அதன் லேபிளிலும் பீட்டா கரோட்டின் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையை விடுவதற்கு தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம், வரெனிக்லின் மாத்திரை ஆகியவை முறையான சோதனைகளில் பலன் தந்தவை. அதே சந்திப்பில் அவற்றைப் பற்றியும் கேளுங்கள்.