அமெரிக்காவில் ஹாம் வானொலியின் (பொழுதுபோக்காகத் தனிநபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு) திறன் வரம்பு என்ன? அலைபரப்பும் திறனைக் கூட்டும் பெருக்கியை வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் தம் நிலையத்துக்காகத் தாமே கட்டும் பெருக்கிக்கு எஃப்.சி.சி. (அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம்) சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 144 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் பெருக்கியைத் தயாரித்து விற்கும் நிறுவனத்துக்கு அது கட்டாயம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் ஹாம்கள் அல்லர். 1970களில் சி.பி. வானொலி (பொதுமக்களுக்கான குறுந்தூர வானொலி) மோகம் தலைக்கேறியபோது, 4 வாட் மட்டுமே அனுமதிக்கப்பட்ட 27 மெகாஹெர்ட்ஸில் பலர் ஹாம் பெருக்கிகளை மாட்டிவிட்டார்கள். அதனால்தான் 26 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கும் கருவிக்கு இன்றும் சான்றிதழ் கிடைக்காது. யாரோ செய்த குறும்புக்கு யாரோ கட்டிய அபராதம்!

பொது வரம்பு 1500 வாட். இது சராசரி அல்ல. பேச்சு உச்சத்தைத் தொடும் கணத்தில் அலைபரப்பியிலிருந்து வெளிவரும் திறன். முன்பு அலைபரப்பியின் இறுதிப் பெருக்கக் கட்டத்துக்குள் செல்லும் நேர்மின்னோட்டத் திறனை அளந்து 1000 வாட் என்றார்கள். அதில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். ஆனால் 30 மீட்டர் அலைவரிசையில் (10.1 மெகாஹெர்ட்ஸ் பகுதி) இன்றைய வரம்பு 200 வாட்தான். எங்கானாலும், தொடர்புக்குத் தேவையான மிகக் குறைந்த திறனையே பயன்படுத்த வேண்டும் என்பதும் சட்டம்; பலர் வசதியாக மறக்கும் விதி இது.

சான்றிதழ் விலக்கு இருப்பதால் தரத்துக்கு விலக்கு கிடையாது. வெளியேறும் ஒத்திசை அலைகளை (அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகள்) வடிகட்டி அடக்க வேண்டியது கட்டியவர் பொறுப்பு. வால்வு பெருக்கியானால் உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும்; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளை வெறுமையாக்காமல் கை வைக்காதீர்கள்.