சப்ளையர்களை பிசினஸ் கார்டில் பணம் வாங்கச் சம்மதிக்க வைப்பது எப்படி?

குன்னூரில் வர்க்கியும் பிரட்டும் போடும் சின்ன பேக்கரி எங்களுடையது. மே மாத சீசனில் கல்லா நிறையும். ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் வராது, சப்ளையர் பில் மட்டும் தவறாமல் வரும். அதைச் சமாளிக்கத்தான் பிசினஸ் கார்டு, அதாவது வியாபாரச் செலவுக்கான கிரெடிட் கார்டு எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, தேய்க்க இடமே இல்லை.

முதலில் மேட்டுப்பாளையம் மைதா வியாபாரியிடம் கேட்டேன். முடியவே முடியாது என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். மூட்டைக்கு நிற்பதே சொற்பம், அதிலும் கார்டு கமிஷன் போனால் என்ன மிஞ்சும்? அவருக்கு இன்றும் பேங்க் டிரான்ஸ்ஃபர்தான். காய்கறி, முட்டை போடுபவர்களையும் இதற்காகத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வழிக்கு வந்தவர் ஊட்டியில் அட்டைப்பெட்டி செய்து தரும் அண்ணன். "கார்டெல்லாம் வேண்டாங்க தம்பி, ரெண்டு பர்சன்ட் புடிச்சுக்குவாங்க" என்றார். கார்டைப் பற்றி நான் வாதாடவில்லை. அவருடைய பற்று நோட்டை வாங்கி என் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பில் 60,000 ரூபாய், நான் கொடுத்தது 40 நாள் கழித்து. (எனக்கே கூச்சமாக இருந்தது.) அதற்குள் அட்டை வாங்க அவர் ரெண்டு வட்டிக்குப் பணம் புரட்டியிருந்தார். மாதம் 1,200 என்றால் 40 நாளுக்கு 1,600. கார்டில் வாங்கியிருந்தால், வங்கி அவருக்குச் சொன்ன 1.8 சதவீதக் கணக்கில் கமிஷன் 1,080. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 194 ரூபாய் சொச்சம், அதையும் அவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பணம் மறுநாள் கணக்கில் விழுந்துவிடும். நோட்டு ஓரத்தில் பென்சிலால் இரண்டு தொகையையும் எழுதிப் பார்த்தார். "சரி, அடுத்த லோடுக்குள்ள மெஷின் வாங்கிடறேன்."

வாங்கினார். மழை நாளில் சிக்னல் இல்லாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். இப்போது பேமெண்ட் லிங்க் அனுப்புகிறார்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது: பணம் வந்த பிறகு நான் வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பப் பிடித்துவிட்டால்? அதனால் ஒவ்வொரு லோடுக்கும் பெட்டியை எண்ணி, சிட்டையில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுக்கிறேன். 10,000 ரூபாய்க்குள் உள்ள பில்லுக்கு கார்டை நீட்டுவதில்லை. யுபிஐயில் கணக்கிலிருந்து போட்டுவிடுவேன், அவருக்குக் கமிஷன் கிடையாது.

சப்ளையர் சம்மதிக்காவிட்டாலும் நடுவில் ஒரு நிறுவனம் கார்டில் வாங்கி அவர் கணக்கில் போடுமே என்று கேட்பீர்கள். அப்படி ஒரு கார்டு நெட்வொர்க் செய்திருந்த ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைக்கச் சொன்னது. நேராகப் பேசி வாங்க வைப்பதுதான் நல்லது.

நமக்கும் ஒரு லாபம் உண்டு. பெட்டிக்காரர் போன்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால், கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கார்டில் உடனே கொடுத்துவிட்டால் இந்தக் கெடு தாண்டாது.

ஆனால் கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர் இதில் இறங்க வேண்டாம். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல், ரெண்டு வட்டியே தேவலை. என் கார்டில் பில் தேதி 12. பெட்டி லோடை 13-ம் தேதிக்கு மேல் இறக்கச் சொல்லிவிடுவேன், அப்போது அந்தத் தொகை அடுத்த மாத பில்லில்தான் வரும்.